நூலா, ஆளா, அணுகலா? கடைமடைக் கல்லூரிகளிலிருந்து ஒரு பழைய கேள்வி

கீழவாஞ்சூரைப் பற்றி ஒரு சமூக அறிவியல் ஆசிரியர் ஆராயத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய கடலோர ஊர் அது. ஊரைத் தாண்டினால் நாகூர், அதாவது தமிழ்நாடு. 2009 முதல் இங்கே காரைக்கால் துறைமுகம் இயங்குகிறது. 2023இல் அது அதானி குழுமத்தின் வசமானது. மீன்பிடித் தொழில், நிலக்கரி இறக்குமதி, எல்லையோர வணிகம், 2004 ஆழிப்பேரலை இந்தக் கரைக்குக் கொண்டுவந்த இழப்பும் மீட்சியும் என்று ஆராயத்தக்க பொருள்கள் ஒரு சிற்றூரைச் சுற்றியே திரண்டிருக்கின்றன.

ஆதாரங்களோ சிதறிக் கிடக்கின்றன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பில் புதுச்சேரிக்கு ஒரு தொகுதி, தமிழ்நாட்டுக்கு வேறொரு தொகுதி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அப்படியே. ஒரே கடலில் வலை வீசும் இரண்டு ஊர்களை ஒப்பிட இரண்டு அரசுகளின் வெளியீடுகளைத் தேட வேண்டும். 1954க்கு முந்தைய நிர்வாக ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில் உள்ளன. துறைமுகத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எந்த ஆய்விதழிலும் வெளிவருவதில்லை. அந்த ஆசிரியரின் கல்லூரி சேர்ந்திருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆனந்த ரங்கப்பிள்ளை நூலகம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

இந்த ஆசிரியருக்குப் பல்கலைக்கழக நூலகம் எதைத் தரக் கடமைப்பட்டிருக்கிறது? கை நிறைய நூல்களையா, தேடிக் கொடுக்க ஓர் ஆளையா, உலக இதழ்களைத் திறக்கும் கடவுச்சொல்லையா? இந்தியாவில் ஏறத்தாழ நூறாண்டுகளாக இதற்கு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு விடையும் தன் காலத்தின் பெருங்குறை ஒன்றைத் தீர்க்க எழுந்தது. ஒவ்வொன்றும் வேறொரு குறையைப் பாக்கி வைத்தது. கல்வியியல், சமூக அறிவியல் துறைகளின் ஆசிரியர்களை நடுவில் நிறுத்தி அந்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் விடை: நூல் இருப்பு

மிகப் பழையதும் இன்றும் அரசுக் கோப்புகளில் வலுவாக நிற்பதும் இந்த விடைதான். நல்ல நூலகம் என்பது போதிய நூல்களும் இதழ்களும் உள்ள நூலகம். எனவே அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பதே கேள்வி. 1948–49இல் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, பல்கலைக்கழகச் செலவில் ஆறேகால் விழுக்காட்டையோ மாணவர் ஒருவருக்கு 40 ரூபாயையோ நூலகத்துக்கு ஒதுக்கலாம் என்றது. 1957இல் பல்கலைக்கழக மானியக் குழு, எஸ்.ஆர். இரங்கநாதன் தலைமையில் நூலகக் குழு ஒன்றை அமைத்தது. அது மாணவருக்கு 15 ரூபாய், ஆசிரியருக்கு 200 ரூபாய் என்று கணக்கிட்டது. 1964–66இல் கோத்தாரி குழு அவற்றை 25 ரூபாயாகவும் 300 ரூபாயாகவும் உயர்த்தியது.

இந்தக் கணக்குகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆசிரியரின் தேவை மாணவரின் தேவையைப் போல ஒரே அளவானது அல்ல, அது பத்து மடங்குக்கும் மேற்பட்டது என்பதை இரண்டு குழுக்கள் எண்ணாலேயே ஒப்புக்கொண்டன. கல்லூரி ஆசிரியர் பாடம் நடத்துபவர் மட்டுமல்லர், படிப்பவரும் எழுதுபவரும் கூட என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

இதன் பலவீனம் எண்ணிக்கையையே தரமாகக் கொள்வது. ஆய்வுக்குழு வரும்போது அலமாரியில் இத்தனை ஆயிரம் தொகுதிகள் உள்ளன என்று காட்டிவிட்டால் விதி நிறைவேறிவிடும். அவற்றுள் எத்தனை ஒரே பாடநூலின் பல படிகள், எத்தனை பாடத்திட்டம் மாறியபின் பயனற்றுப்போனவை என்று எண்ணிக்கை சொல்லாது. சமூக அறிவியலில் இன்னொரு சிக்கலும் உண்டு. இயற்பியல் ஆசிரியருக்குப் பழைய பதிப்பு பெரும்பாலும் தேவைப்படாது. சமூகவியல் ஆசிரியருக்குப் பழைய நூலே மூல ஆதாரம்.

காவிரிப் படுகையே இதற்குச் சான்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட தென்னிந்திய ஊர்களைப் பற்றிய தொகுப்பில், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் பாலக்குறிச்சியும் ஒன்று. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களின் மறு ஆய்வை 1940இல் வெளியிட்டார்கள். பின்னர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்தின் ஒரு சிற்றூரைக் கொண்டு சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றி எழுதிய நூல் 1965இல் வந்தது. இதே மாவட்டத்துக் கிராமங்களைப் பற்றிய கேத்லீன் கஃபின் பெருநூல் 1981இல் வந்தது. ஒரே மண்ணைப் பல தலைமுறைகள் அளந்து வைத்த இந்த வரிசை இந்தியச் சமூக அறிவியலின் செல்வங்களுள் ஒன்று. கடைமடைக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் இவை ஒருசேர இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தொகுதிகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்கும் விதி இவற்றைக் கேட்பதில்லை.

இரண்டாம் விடை: வழிகாட்டும் ஆள்

இரண்டாவது விடை பிறந்த ஊர் காரைக்காலுக்கு வடக்கே, அதே படுகையில் இருக்கிறது. 1892இல் சீர்காழியில் பிறந்த இரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அவ்வாண்டே இங்கிலாந்து சென்று, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸிடம் பயின்று, பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளும், 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையும் உலகறிந்தவை. நம் கேள்விக்கு அவற்றைவிட நெருக்கமானது வேறொன்று: வாசகரையும் நூலையும் சேர்த்துவைக்க நூலகத்தில் ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும் என்ற அவரது உறுதி. குறிப்புதவிப் பணியை நூலகத்தின் உச்சப் பணியாகவே அவர் கருதினார். பட்டியல், பகுப்பு, அடுக்கு எல்லாம் அந்தச் சந்திப்புக்கான ஏற்பாடுகள்.

இந்தக் கருத்துக்கு அமெரிக்காவில் முன்னோடி உண்டு. வூஸ்டர் நகர நூலகத்தின் சாமுவேல் கிரீன், நூலகர் வாசகரோடு நேரில் பழகி உதவ வேண்டும் என்று 1876இலேயே வாதிட்டார். எவ்வளவு உதவுவது என்பதில் பின்னர் பிளவு வந்தது. தேடும் வழியைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றனர் ஒரு சாரார். விடையையே தேடித் தர வேண்டும் என்றனர் மறு சாரார். ஆசிரியர்களைப் பொறுத்தவரை இந்தப் பிளவு இன்னும் தீரவில்லை. மாணவருக்குத் தேடக் கற்பிப்பது கல்வியின் பகுதி. வாரத்துக்குப் பல மணிநேரம் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, அவற்றுக்கிடையே ஆய்வு செய்யும் ஆசிரியருக்கு அதே அளவுகோல் பொருந்துமா என்பது வேறு கேள்வி. வாசகரின் நேரத்தைக் காப்பதைத் தன் நான்காம் விதியின் பொருளாக வைத்த இரங்கநாதன், தேடித் தரும் பக்கமே சாய்ந்திருந்தார் எனலாம்.

பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் இதைப் ‘பாடத்துறை நூலகர்’ என்ற பதவியாக வளர்த்தன. கல்வியியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர்; துறைக் கூட்டங்களில் அமர்ந்து, என்ன பாடம் வரப்போகிறது, யார் எதை ஆராய்கிறார் என்று அறிந்து, நூல் தேர்வும் பயிற்சியும் தருவது அவர்களின் வேலை. இந்தியப் பல்கலைக்கழக நூலகங்கள் பொதுவாக வேறு வழியில் பிரிந்தன: நூல் வாங்கும் பிரிவு, பட்டியல் பிரிவு, பருவ இதழ்ப் பிரிவு, வழங்கு பிரிவு. துறைக்கு ஒருவர் என்பதற்குப் பதில் வேலைக்கு ஒருவர். கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரே நூலகர்தான். அந்தப் பணியிடம் நிரப்பப்படாமல் நீள்வதும் பல மாநிலங்களில் தொடர்ந்து பேசப்படும் குறை.

இந்த விடையின் பலவீனமும் அங்கேதான். அது செலவு மிக்கது. நல்ல நூலகர் ஒருவரைப் பொறுத்தே அமைவது. அவர் மாற்றலாகிப் போனால் அவர் அறிந்ததும் அவரோடு போய்விடும். தஞ்சை, திருவாரூர், நாகை, காரைக்கால் வட்டாரம் இன்னொன்றையும் காட்டுகிறது. 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. 1948இல், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதன் பின்னணியில் இரங்கநாதனின் உழைப்பு இருந்தது. அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்தச் சட்டம் வாஞ்சூர் எல்லையிலேயே நின்றது. நூலகப் பணியின் தரம் ஆட்சி எல்லையைப் பின்பற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வாசகர் பக்கமிருந்து வந்த ஐயம்

மேற்கண்ட இரண்டு விடைகளும், நூலகத்தின் வழியாகவே ஆசிரியர்கள் தங்கள் ஆதாரங்களை அடைகிறார்கள் என்ற எண்ணத்தில் நிற்பவை. 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் லைன் முன்னின்று நடத்திய ‘இன்ஃப்ராஸ்’ ஆய்வு அதையே சோதித்தது. சமூக அறிவியலாளர்கள் தகவலை எப்படித் தேடுகிறார்கள் என்று பெருமளவில் ஆராய்ந்த தொடக்ககால முயற்சிகளுள் அது ஒன்று. கிடைத்த படம் நூலகர்களுக்கு உவப்பானதாக இல்லை. ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து அடுத்த கட்டுரைக்குத் தாவுவதும், சக ஆய்வாளர்களைக் கேட்பதுமே முதன்மை வழிகளாக இருந்தன. முறையான சுருக்க இதழ்களும் நூலகரின் உதவியும் பின்வரிசையில் இருந்தன.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஆசிரியர்களுக்கு நூலகர் தேவையில்லை என்பது ஒரு வாசிப்பு. நூலகர் அவர்களுடைய துறைக்குள் வரவில்லை, அதனால் கேட்கப்படவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதற்கே வலு கூடுதல் என்று தோன்றுகிறது. காரணம், அடிக்குறிப்பைப் பின்தொடரும் முறை, பலரும் ஏற்கெனவே எழுதிய பொருளுக்குத்தான் நன்றாக உதவும். பெருநகரத்துச் சக ஆய்வாளர்களின் வட்டத்தில் இருப்பவருக்கு அது போதும். யாரும் அதிகம் எழுதாத ஓர் எல்லையோர ஊரை எடுத்துக்கொண்டவருக்குப் பின்தொடர அடிக்குறிப்பும் இல்லை, கேட்க வட்டமும் இல்லை. பாத் ஆய்வு பிரிட்டனின் ஆய்வாளர்களைப் பற்றியது. அதன் முடிவை அப்படியே இங்கே பொருத்துவது சரியாகாது.

மூன்றாம் விடை: கூட்டாக வாங்குதல்

ஆய்விதழ்களின் விலை தனி நூலகங்களின் கைக்கு எட்டாமல் போனபோது எழுந்தது மூன்றாம் விடை. 1991இல் மானியக் குழுவின் திட்டமாகத் தொடங்கி, 1996இல் தன்னாட்சி பெற்ற நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்லிப்நெட் இதன் நடுநாயகம். 2003 இறுதியில் பல்கலைக்கழகங்களுக்கான மின்னிதழ்க் கூட்டமைப்பு தொடங்கியது. 2010இல் கல்லூரிகளுக்கென என்-லிஸ்ட் வந்தது. 2015இல் இவையும் தொழில்நுட்ப நிறுவனங்களின் கூட்டமைப்பும் இணைந்து இ-சோத்சிந்து ஆயின. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது: 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், ஏறத்தாழ 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும்.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. காரைக்காலின் அரசுக் கலைக் கல்லூரியில் இருக்கும் ஆசிரியரும் தில்லியின் பெரும்பல்கலைக்கழகத்தில் இருப்பவரும் ஒரே பதிப்பகத்தின் ஒரே இதழைத் திறக்கலாம் என்ற நிலை, கோத்தாரி குழுவின் எந்தக் கணக்காலும் வந்திருக்காது. 130 கிலோமீட்டர் என்ற தொலைவு இதழ்களைப் பொறுத்தவரை இல்லாமலே போய்விட்டது.

நான்கு குறைகள் எஞ்சுகின்றன. முதலாவது, திட்டம் அரசு நிறுவனங்களோடு நிற்கிறது. கல்வியியலைப் பொறுத்தவரை இது சிறு விலக்கு அன்று. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசு சாராதவை என்று நீதிபதி வர்மா குழு 2012இல் சுட்டிக்காட்டியது. நாளைய பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். இரண்டாவது, வாங்கப்படுவது இதழ்கள். சமூக அறிவியலிலோ முக்கிய வாதங்கள் பெரும்பாலும் முழு நூல்களாக வருகின்றன. மூன்றாவது, அந்த இதழ்களின் மொழி ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலம். நான்காவது, சந்தா என்பது வாடகை போன்றது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் என்ன எஞ்சும் என்பது ஒப்பந்தத்தின் நுணுக்கங்களைப் பொறுத்தது. அலமாரியில் இருக்கும் நூலுக்கு அந்தக் கவலை இல்லை.

நான்காம் விடை: திறந்த வாசல்

வாங்குவதே தீர்வா என்று கேட்டவர்கள் நான்காம் விடையை முன்வைத்தார்கள். பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற கருத்து 2002இன் புடாபெஸ்ட் அறிக்கையில் உலகளாவிய வடிவம் பெற்றது. கல்வியியலில் அதற்கு முன்பே நல்ல முன்மாதிரி இருந்தது: அமெரிக்க அரசின் கல்வி அலுவலகம் 1960களில் தொடங்கிய ‘எரிக்’ தரவுத்தளம். கட்டுரைகளோடு அச்சேறாத அறிக்கைகளையும் அது கட்டணமின்றித் தருகிறது. இந்தியாவில் மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறை, முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தருவதைக் கட்டாயமாக்கியது. அவை சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் சமூக அறிவியல் ஆய்வு, நல்லதும் சுமாரானதும், இன்று மிகுதியாகக் கிடைக்கும் இடம் அதுவே.

வகுப்பறைக்கான திறப்பு நீதிமன்றத்தின் வழியாக வந்தது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி நகலகம், பாடத்துக்கு வேண்டிய நூற்பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் எடுக்கும் படிகளுக்கு விலக்களிக்கிறது. அந்த விலக்கின் அடிப்படையில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2016 செப்டம்பரில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, பாடத்துக்குத் தேவையான அளவா என்பதே அளவுகோல் என்று கூறி, உண்மை விசாரணைக்காக வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. நகல் தொகுப்புகளை நம்பி நடப்பவை பெரும்பாலும் சமூக அறிவியல் வகுப்புகள் என்பதால் அத்துறை ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது. அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு நூலகத்துடையது.

திறப்பின் பலவீனங்களும் தெளிவாகியுள்ளன. படிப்பவரிடம் வாங்காத கட்டணத்தைப் பல இதழ்கள் எழுதுபவரிடம் வாங்குகின்றன. ஆய்வு நிதி அருகிய சமூக அறிவியலாளரை அது வேறொரு வாசலில் நிறுத்துகிறது. பணம் பெற்று எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. அவற்றை வடிகட்ட மானியக் குழு உருவாக்கிய ‘கேர்’ பட்டியல் 2025 தொடக்கத்தில் கைவிடப்பட்டு, இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே மதிப்பிடட்டும் என்றானது. மதிப்பிடத் தெரிந்தவர் கல்லூரியில் இருக்கிறாரா என்ற கேள்வி அதனோடு வந்துவிட்டது.

இதே காலத்தில் நூலகத்தின் மீது இன்னொரு வேலையும் ஏறியது. கருத்துத் திருட்டைத் தடுக்கும் 2018 ஒழுங்குமுறை, பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்றும் அதற்குமேல் படிப்படியான நடவடிக்கை என்றும் வகுத்தது. மென்பொருளில் ஆய்வேட்டை ஏற்றிச் சான்று தரும் பணி பல இடங்களில் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆய்வின் தொடக்கத்தில் துணையாக இருக்க வேண்டிய இடம் ஆய்வின் முடிவில் சோதனைச் சாவடியாக மட்டும் தெரியத் தொடங்கினால், ஆசிரியருக்கும் நூலகருக்கும் இடையிலான நம்பிக்கை தளரக்கூடும்.

ஐந்தாம் விடை: மண்ணின் ஆவணம்

மேற்கண்ட நான்கும் எங்கோ உருவான அறிவை இங்கே கொண்டுவருவதைப் பேசுகின்றன. ஐந்தாம் விடை திசையை மாற்றுகிறது: வேறெங்கும் கிடைக்காத உள்ளூர் ஆதாரங்களைச் சேர்த்து, காத்து, வகைப்படுத்தித் தருவதே நூலகத்தின் தனிக்கடமை என்கிறது.

தமிழில் இதற்கு உறுதியான மரபு உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் அவரது மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. கல்லூரி நூலகங்கள் நூலென்றே கருதாத துண்டுத் தாள்களில் சமூக வரலாறு இருப்பதை ஆய்வாளர்கள் அங்கே கண்டுகொண்டார்கள். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகம், ஒரே இடத்தில் இருக்கும் சேகரம் எவ்வளவு எளிதில் அழியும் என்று காட்டியது. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற மின்னூலகம் ஈழத்து வெளியீடுகளைத் தன்னார்வலர்களின் உழைப்பால் எண்ணிமப்படுத்தி வருகிறது.

காரைக்கால் கரையில் இந்தத் தேவை கூர்மையானது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியரிடமும், காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரரிடமும், நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரரிடமும் இருந்தன. ஒரே நாளில் பேருந்தில் கடந்துவிடக்கூடிய கரை இது. இதன் வரலாறோ கோபன்ஹேகன், எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ், ஹேக், லண்டன், எழும்பூர் ஆவணக்காப்பகங்களில் பங்கிடப்பட்டிருக்கிறது. பட்டியல்களில் ஊர்ப்பெயர்களும் மாறிக் கிடக்கின்றன. பிரெஞ்சு ஆவணங்களில் ‘காரிக்கால்’. டேனிய ஆவணங்களில் ‘ட்ராங்கபார்’. டச்சு, ஆங்கில ஏடுகளில் ‘நெகபட்டாம்’. இன்றைய எழுத்துக்கூட்டலைத் தேடுபெட்டியில் இடுபவருக்கு இவை அகப்படா. எந்தச் சொல்லை எந்தப் பட்டியலில் இட வேண்டும் என்று அறிந்த ஒருவர் சொல்லித் தர வேண்டும். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகம் அண்மையில் உள்ள பெருந்துணை. அதையும் பயன்படுத்த வழிசொல்ல ஆள் வேண்டும்.

அண்மைக் காலத்துக்கும் இதே நிலைதான். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவைப்படும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் தரப்பட வேண்டும். அவையும், ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் எழுதிய அறிக்கைகளும், மீனவப் பஞ்சாயத்துகளின் துண்டறிக்கைகளும் வகைப்படுத்தப்படாமல் போனால், இன்னும் ஒரு தலைமுறையில் இவ்வூரைப் பற்றி எழுத வருபவருக்கு எதுவும் எஞ்சாது.

இந்த விடையின் பலவீனம் தொடர்ச்சியின்மை. இத்தகைய சேகரங்கள் தனிமனித ஆர்வத்தில் பிறந்து, பெரும்பாலும் அந்த மனிதரோடு தளர்கின்றன. கல்லூரி நிதி விதிகளில் ‘துண்டறிக்கை சேகரிப்பு’ என்ற தலைப்பு இருப்பதில்லை. உயிரோடிருப்பவர்களைப் பற்றிய தாள்களை யார் பார்க்கலாம் என்ற அறக்கேள்வியும் உண்டு.

கல்வியியல் ஆசிரியரின் தனித்தேவை

சமூக அறிவியலோடு சேர்த்தே பேசப்பட்டாலும், கல்வியியல் ஆசிரியரின் தேவை ஓரளவு வேறானது. அவர் ஆய்வையும் படிக்க வேண்டும், பள்ளியில் இன்று நடப்பதையும் அறிய வேண்டும்: பாடநூல்கள், வினாத்தாள்கள், ஆசிரியர் கையேடுகள், அரசாணைகள், மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களின் செயலாய்வுகள். ஆய்விதழ்ச் சந்தாவால் இவை வரா.

எல்லைக்கு இருபுறமும் இது இன்னும் சிக்கலாகிறது. நாகையின் கல்வியியல் கல்லூரி, 2008இல் அமைந்த தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். காரைக்காலின் கல்லூரி புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். நீண்டகாலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மை ஆண்டுகளில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கு மாறின. காரைக்காலில் பயிற்சி பெறும் ஆசிரியர் நாகூர்ப் பள்ளியில் வேலைக்குப் போகலாம். அவருக்குக் கற்பிப்பவரிடம் இரண்டு பாடத்திட்டங்களின் பொருள்களும் இருந்தாக வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்திருக்கும் கடமை இன்று எந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கும் தனியாக வகுக்கப்படவில்லை.

மொழிக் கேள்வியும் இங்கே தலைதூக்குகிறது. தமிழ்வழியில் நடக்கும் வகுப்புக்கு, ஆங்கிலக் கட்டுரையைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டிய சுமை ஆசிரியருடையது. கல்லூரிப் பாடங்களுக்கென ஒருகாலத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைப்பது பெரும் உதவி. அந்தத் துறைகள் அதற்குப் பின் வெகுதூரம் நகர்ந்துவிட்டன என்பதும் உண்மை.

மதிப்பீடு

ஐந்து விடைகளையும் ஒருங்கே பார்த்தால், அவை ஒன்றையொன்று வென்று வந்தவையாகத் தெரியவில்லை. நூல் இருப்பு எண்ணிக்கையைத் தீர்த்தது, பொருத்தத்தைத் தீர்க்கவில்லை. கூட்டுச் சந்தா தொலைவைத் தீர்த்தது, மொழியையும் தனியார் கல்லூரிகளையும் தீர்க்கவில்லை. திறந்த வாசல் விலையைத் தீர்த்தது, தரத்தைத் தீர்க்கவில்லை. உள்ளூர்ச் சேகரம் தேவையைச் சரியாக இனங்கண்டது, அதைத் தாங்கும் அமைப்பை உருவாக்கவில்லை. இவை ஒவ்வொன்றின் குறையும் சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்கு வருவதைக் காணலாம். போலி இதழைப் பிரித்தறிய, பழைய எழுத்துக்கூட்டலைச் சொல்லித் தர, நகலெடுப்பின் சட்ட எல்லையை விளக்க, துண்டறிக்கையை வகைப்படுத்த, இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைக்கத் துறையறிந்த ஒரு மனிதர் வேண்டும். இரங்கநாதனின் விடை மற்ற நான்குக்கும் போட்டியாக நிற்பது அன்று. அவை பயன்தருவதற்கான நிபந்தனை என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இருந்தும் சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரிக்கும் பாடத்துறை நூலகர் என்பது இன்றைய நிதிநிலையில் நடக்கக்கூடியதா என்ற ஐயம் நியாயமானது. காரைக்கால், நாகைக் கல்லூரிகள் சேர்ந்து கல்வியியலுக்கும் சமூக அறிவியலுக்கும் ஒருவரைப் பகிர்ந்துகொள்வது ஒரு வழியாகலாம். இரண்டு அரசுகள், பல பல்கலைக்கழகங்கள் ஒப்ப வேண்டிய ஏற்பாடு அது, செய்துபார்த்தால்தான் அதன் பலன் தெரியும். தேடுவதையும் சுருக்குவதையும் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும் என்ற வாதம் புதிதாக எழுந்திருக்கிறது. இல்லாத நூல்களை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அதற்கு இருக்கும்வரை, சரிபார்ப்பவரின் தேவை கூடுமே தவிரக் குறையாது என்று இப்போதைக்குச் சொல்லலாம்; நெடுங்காலத்துக்குச் சொல்ல முடியாது. மூன்றாண்டு முடிவில் தேசியச் சந்தா எப்படித் தொடரும், அதில் தனியார் கல்வியியல் கல்லூரிகளும் இந்திய மொழி இதழ்களும் சேர்க்கப்படுமா என்பதும் முடிவாகாதவை.

இவற்றை மதிப்பிட ஓர் அளவுகோல் கைவசம் உண்டு. எத்தனை இதழ்கள் திறக்கின்றன என்பதோடு, கீழவாஞ்சூர் போன்ற ஓர் ஊரைப் பற்றி அதன் அருகிலுள்ள கல்லூரியின் ஆசிரியர் ஒருவர், தன் ஊதியத்தையும் விடுமுறையையும் பயணத்தில் கரைக்காமல், நம்பத்தக்க ஓர் ஆய்வை எழுதி முடிக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அது முடியும் நாளில் ஐந்து விடைகளும் ஓரிடத்தில் கூடியிருக்கும்.